முகமும் விதியும்

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கண்டதும் எமது வாசகர்களில் ஒரு சாரார் இப்பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் ஒன்றைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கலாம். நாடகத்தைப் பற்றியும் நாவலைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் இதே கேள்வி ஒரு காலத்திற் கேட்கப்பட்டதுதான். ஆனால், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இன்று பாடசாலைக்குச் செல்லும் மாணவர்கள் கதைகளை எங்கே சந்திக்கிறார்கள் என்று நேர்மையாக விசாரித்துப் பார்ப்போமானால், அச்சிட்ட புத்தகத்திலும் பார்க்கக் கைத்தொலைபேசியின் திரையிலேயே அதிகம் சந்திக்கிறார்கள் என்ற விடைதான் கிடைக்கும். இத்தனை பேரைச் சென்றடையும் ஒரு கலையை விமரிசகன் கண்டும் காணாதது போல இருப்பானாயின், நட்டம் கலைக்கு அல்ல; விமரிசனத்திற்கே.

இக்கலையைச் சுற்றி மேலைநாடுகளில் நீண்ட காலமாக ஒரு வாதப்பிரதிவாதம் நடைபெற்று வருகிறது. விளையாட்டுகளின் கதாநாயகர்கள் ஏன் எப்பொழுதும் வெள்ளை ஆண்களாகவே இருக்க வேண்டும் என்று ஒரு தரப்பினர் கேட்டனர். பெண்களும் கறுப்பின மக்களும் ஆசிய மக்களும் எங்கே என்பது அவர்களின் வினா. விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும், அதனுள் அரசியலைப் புகுத்தாதீர்கள் என்று மறுதரப்பினர் முழங்கினர். இவ்விவாதம் 2014ஆம் ஆண்டில் 'கேமர்கேட்' என்ற பெயரில் வெறியாட்டமாகவே மாறியது. விளையாட்டுகளிற் பெண்கள் சித்திரிக்கப்படும் முறையைத் தொடராக விமரிசித்து வந்த அனிற்றா சர்க்கீசியன் என்ற பெண்மணி, அவ்வாண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆற்றவிருந்த உரையைக் கொலை மிரட்டல் காரணமாகக் கைவிட நேர்ந்தது. அத்தோடு அது ஓய்ந்துவிடவுமில்லை. 16ஆம் நூற்றாண்டு ஜப்பானைக் களமாகக் கொண்டு 2025 மார்ச்சில் வெளிவந்த 'அசாசின்ஸ் கிறீட் ஷடோஸ்' என்ற விளையாட்டில், யசுகே என்ற ஆபிரிக்கர் இரு பிரதான பாத்திரங்களுள் ஒருவராக அமைக்கப்பட்டார். ஒடா நொபுனாகாவின் பணியில் இருந்ததாக வரலாற்றுச் சான்றுள்ள மனிதர் அவர். அப்படியிருந்தும் விளையாட்டு வெளிவரும் முன்னரே அவர் அங்கே இருக்கலாமா கூடாதா என்று பெரும் சச்சரவு எழுந்தது.

ஈழத்துத் தமிழ் வாசகர்களுக்கு இச்சச்சரவின் குரல் புதியதல்ல. 1960களின் தொடக்கத்தில் எமது நாட்டில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் அவர்களையொத்த பிறரும் ஒடுக்கப்பட்ட மக்களைக் கதைமாந்தராக்கி, அம்மக்களின் பேச்சு மொழியிலேயே அவர்களைப் பேசவும் வைத்தபொழுது, இது இழிசனர் வழக்கு என்று பண்டித உலகம் முகஞ்சுளித்தது. கலையின் தூய்மையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள் உண்மையிற் காத்தது எதை? கலைக்குள் யார் நுழையலாம் என்று தீர்மானிக்கும் தமது அதிகாரத்தைத்தான். ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பின் காட்டையும் வயலையும் மனிதரையும் நாவலுக்குள் கொண்டுவந்தபொழுது, வன்னி மண்ணுக்கு இலக்கியத்தில் ஒரு முகவரி கிடைத்தது. இவற்றால் தமிழ் தேய்ந்துவிடவில்லை, செழித்தது. 'அரசியலைப் புகுத்தாதே' என்பது பெரும்பாலும், ஏற்கெனவே உள்ளே அமர்ந்திருக்கும் அரசியலுக்கு இடைஞ்சல் செய்யாதே என்பதன் மறுபெயர். ஆகவே அவ்விவாதத்தில் நாம் யார் பக்கம் என்பதிற் சந்தேகத்திற்கு இடமில்லை.

எனினும், நியாயமான பக்கத்தில் நிற்பவர்களின் வாதம் முழுமையானதா என்று கேட்பதும் விமரிசகனின் கடமை. முகங்களை எண்ணுவதோடு இவ்விவாதம் நின்றுவிடுகிறது என்பதே எமது குறை. இத்தனை பெண்கள், இத்தனை கறுப்பர், இத்தனை ஆசியர் என்று கணக்கெடுத்து, கணக்குச் சரியானால் நீதி கிடைத்துவிட்டதென்று ஒரு சாரார் மகிழ்கின்றனர். அதே கணக்கைப் பார்த்து மறு சாரார் கொதிக்கின்றனர். கம்பனிகளுக்கு இது வசதியாகப் போய்விட்டது. நிறமும் உடையும் மாற்றுவதற்குச் செலவு குறைவு. மாற்றிய உடையை விற்றுக் காசு பார்க்கவும் முடியும்.

வீடியோ விளையாட்டின் உயிர்நிலை முகத்தில் இல்லை. நாவலுக்கு நடை எப்படியோ, நாடகத்திற்குச் செயல் எப்படியோ, விளையாட்டிற்கு விதி அப்படி. ஆடுபவன் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது, எதற்குப் பரிசு, எதற்குத் தண்டனை என்பவற்றை வகுப்பது விதி. எமது முன்னோர் ஆடிய பரமபத சோபனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணி புண்ணியம், பாம்பு பாவம். ஆனால் ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் ஆடுபவனின் முயற்சியால் அல்ல, உருட்டும் தாயத்தால். பலகையிலுள்ள படங்கள் அறத்தைப் பேசுகின்றன. ஆட்டத்தின் விதியோ, எல்லாம் தலையெழுத்து என்று பேசுகிறது. பலமுறை ஆடிய பிள்ளையின் மனதில் எது பதியும்? படம் அல்ல, விதிதான். எனவே ஒரு விளையாட்டில் நாம் இருக்கிறோமா என்று கேட்பதற்கு முன், அதன் விதியில் நாம் எவ்வாறு இருக்கிறோம் என்று கேட்க வேண்டும். இந்த அளவுகோலைக் கொண்டு, தமிழரைத் தொட்ட சில விளையாட்டுகளை அளந்து பார்ப்போம்.

'எயிஜ் ஒஃப் எம்பயர்ஸ்' என்பது உலகப் புகழ்பெற்ற ஒரு போர்த்தந்திர விளையாட்டு. அதன் இரண்டாம் பாகம் 1999இல் வெளிவந்தது. 2013இல் வந்த ஒரு விரிவாக்கத்தில், இமயம் முதல் குமரி வரையுள்ள அத்தனை மக்களையும் 'இந்தியர்' என்ற ஒரே மூட்டையிற் கட்டினார்கள். 2022 ஏப்பிரலில் அம்மூட்டை அவிழ்க்கப்பட்டு வங்காளியர், கூர்ச்சரர், திராவிடர் என்போர் தனித்தனியே தோன்றினர். திராவிடரின் குடிகளும் படைஞரும் தமிழிற் பேசுகின்றனர். இராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் தனிக் கதைத்தொடராகவும் அமைந்துள்ளன. தமிழ் இளைஞர் பலர் இதனைக் கண்டு மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியை நாம் ஏளனஞ் செய்யவில்லை. மொழிக் குடும்பம் ஒன்றின் பெயரை ஒரு நாட்டினத்தின் பெயராக வைத்தது பொருந்துமா என்ற கேள்வியையும் ஒருபுறம் வைப்போம்.

விதி என்ன சொல்கிறது? குடியானவன் உணவு, மரம், பொன், கல் ஆகியவற்றைச் சேகரிப்பதற்குரிய ஒரு கருவி. அவன் சும்மா நின்றால் அவனைத் தேடிப் பிடித்து வேலைக்கு அனுப்பத் திரையில் ஒரு பொத்தான் உண்டு. அவன் பசிப்பதில்லை; மறுப்பதில்லை; அவனுக்குப் பெயருமில்லை. அவன் உழைப்பு முழுவதும் படையாக உருமாறி, எதிரியின் ஊரைத் தரைமட்டமாக்குவதிற் போய் முடிகிறது. இவ்விதி பிரித்தானியருக்கும் மொங்கோலியருக்கும் எதுவோ, திராவிடருக்கும் அதுவே. ஆக, தமிழன் அங்கே நுழைந்தான் என்பது, பேரரசுகளின் வரிசையில் அவனுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது என்பது மட்டுமே. அந்த நாற்காலியின் கீழ்ப்பக்கத்தை நாம் மறந்துவிடலாகாது. சோழப்படை இலங்கைக்கும் வந்தது. 1017 அளவில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடிக்கப்பட்டுச் சோழநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டான். ஒரு தமிழ்ப் பையனுக்கு வீரக்கதையாக இருப்பது, அவனுடைய வயதையொத்த சிங்களப் பையனுக்கு என்னவாக இருக்கும்? வென்றவனின் கண்ணால் மட்டுமே உலகைக் காட்டும் விதிக்குள் இக்கேள்வி எழவே வழியில்லை. வன்னியின் பழமையை அறிவிப்பவை வாள்கள் அல்ல, குளங்கள். தண்ணிமுறிப்பிலும் முத்தையன்கட்டிலும் அணைக்கட்டுக்கு மண் சுமந்த கைகளுக்கு அவ்விளையாட்டில் வேறொரு பெயர்: சேகரிப்போர்.

இதற்கு நேர் மாறான ஒரு சிருஷ்டி 'வெண்பா'. கனடாவின் ரொறன்ரோவிலுள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழுவினர், 2023 ஜூலை 31இல் இதனை வெளியிட்டனர். 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரின் கதை இது. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசும், பிரித்தானியத் திரைப்படத் தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் அறிமுக விளையாட்டுக்கான பரிசும் இதற்குக் கிடைத்தன. பரிசு கிடைத்தது என்பதற்காக நாம் இதனைப் பாராட்டவில்லை. இங்கே தமிழ் வாழ்வு விதியாக மாறியிருக்கிறது என்பதே எமது பாராட்டுக்குக் காரணம்.

ஆடுபவர் செய்ய வேண்டியது சமையல். தாயின் கையெழுத்திலுள்ள சமையற் குறிப்பேடு கறைபட்டும் கிழிந்தும் போயிருக்கிறது. எழுத்து அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்தே இட்டலியும் புட்டும் செய்ய வேண்டும். பின்னர் வளர்ந்த மகன் தனியே சமைக்க முற்படும்பொழுது, பிரச்சினை கறைபட்ட தாள் அல்ல. அவனாற் சரிவர வாசிக்க முடியாத தமிழ். மொழி இழப்பைப் பற்றி மேடைகளிற் பேசிப் பேசிச் சலித்துவிட்டோம். இங்கே அவ்விழப்பு பேச்சாக இல்லாமல், ஆடுபவரின் கையில் ஏற்படும் தடுமாற்றமாகவே வருகிறது. தமிழ் தெரியாத பிறநாட்டவரும் அத்தடுமாற்றத்தை அனுபவிக்கிறார். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றாவது என்று நாம் இலக்கியத்திற் சொல்லி வந்தது இதைத்தான்.

குறைகள் இல்லாமலில்லை. பெண்ணின் வாழ்வைச் சமையலறையின் வழியே காட்டும்பொழுது, சமையலறையே அவள் உலகம் என்ற பழைய எண்ணம் கேள்வியின்றித் தப்பிவிடும் அபாயம் உண்டு. உணவு என்பது அந்நியச் சந்தைக்குள் எளிதில் நுழையக்கூடிய பண்பாடு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சாதியையும் சீதனத்தையும் கருவாகக் கொண்ட ஒரு தமிழ் விளையாட்டிற்கு இதே வரவேற்புக் கிடைக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி. மேலும், கனடாவுக்குச் சென்ற தமிழர் எல்லோரும் வெண்பாவைப் போலச் சென்றவர்கள் அல்லர். 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். அவர்களும் அதே பத்தாண்டிற் கனடாவைச் சேர்ந்தவர்கள்தாம். அவர்களின் கதையைச் சொல்லவில்லையே என்று 'வெண்பா'வைக் குற்றஞ்சாட்டுவது அறியாமை. 'வெண்பா' வந்துவிட்டது, இனித் தமிழரின் பங்கு நிறைவேறிவிட்டது என்று கருதுவதும் அதேயளவு அறியாமைதான். தமிழ் முகம் ஒன்றல்ல.

இனி, எமது மண்ணிற் பிள்ளைகள் கையில் உண்மையாகவே இருக்கும் விளையாட்டிற்கு வருவோம். அது 'வெண்பா' அல்ல. 'பப்ஜி'யும் அதன் இனத்தைச் சேர்ந்தனவுமே. நூறு பேர் ஒரு தீவிற் பரசூட்டில் இறங்குகிறார்கள். வீடுகளுக்குட் புகுந்து துப்பாக்கியும் மருந்தும் தேடி எடுத்து, ஒருவரையொருவர் சுட்டு, எஞ்சும் ஒருவர் வெல்கிறார். 'பாட்டில் றோயல்' என்ற இவ்வகையின் பெயர், ஜப்பானிய எழுத்தாளர் கௌஷுன் தகாமி 1999இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தது. பாடசாலை மாணவர்களை ஒருவரையொருவர் கொல்லும்படி நிர்ப்பந்திக்கும் கொடுங்கோல் அரசொன்றைப் பற்றிய கதை அது. கண்டனமாகப் பிறந்த ஒன்று கேளிக்கையாக முடிந்திருக்கிறது.

இவ்விளையாட்டில் எந்த இனத்தவரின் முகத்தையும் அணிந்துகொள்ளலாம். பெண்ணாகவும் ஆணாகவும் வரலாம். முகக்கணக்கைப் பார்ப்பவர்களுக்கு இங்கே குறையேதும் இராது. ஆனால் அதன் விதிகள் இரண்டை வன்னியில் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, வீடுகள் உண்டு, குடியிருப்போர் இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. கட்டில், மேசை எல்லாம் இருக்கின்றன. அவர்கள் எங்கே போனார்கள் என்று விளையாட்டு ஒருபொழுதும் கேட்பதில்லை. இரண்டாவது, பாதுகாப்பான வலயம் என்று ஒரு வட்டம் குறிக்கப்படுகிறது. நேரஞ் செல்லச் செல்ல அது சுருங்குகிறது. வட்டத்திற்கு வெளியே நிற்பவர் மாண்டுபோவார். ஆகவே எல்லோரும் உள்ளே ஓட வேண்டும்.

இவ்விரண்டையும் வாசித்த வன்னி வாசகர்களுக்கு நாம் மேலும் விளக்க வேண்டியதில்லை. பிற இடத்து வாசகர்களுக்காகச் சொல்கிறோம். 2009 ஜனவரியில் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பகுதியில் அரசாங்கம் ஒரு பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பெப்ரவரியிற் புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையான கடற்கரைத் துண்டு வலயமாயிற்று. மே மாதத்தில் அது மேலும் சுருங்கியது. வலயத்திற்குள்ளேயும் எறிகணைகள் விழுந்தன. எஞ்சிய ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முட்கம்பி வேலிக்குள், பெரும்பாலும் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். கடைசி முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். அவர்கள் விட்டுவந்த வீடுகளின் கதவுகள் அதுவரை திறந்தே கிடந்தன. பல வீடுகளுக்குத் திரும்பியபொழுது கதவுமில்லை, கூரையுமில்லை.

எங்கோ ஒரு நிறுவனம் எமது துயரத்தைக் களவாடி விளையாட்டாக்கிற்று என்று நாம் கூறவில்லை. அவர்கள் எம்மை அறியவே மாட்டார்கள். பிரச்சினை வேறு. 2009இன் பின் பிறந்த பிள்ளைகள் இன்று க.பொ.த. சாதாரண தர வகுப்பை எட்டிவிட்டனர். யுத்தத்தைப் பற்றி வீட்டிற் பெரியவர்கள் பேசுவது அரிது, பாடப்புத்தகம் பேசுவதில்லை. அம்மௌனத்தின் இடைவெளியில், சுருங்கும் வலயம் ஒன்றைப் பற்றி அப்பிள்ளைகள் அறியும் முதற் கதை, அதிற் கடைசியாக எஞ்சுபவன் வெற்றி பெறுகிறான் என்பதாக இருக்கிறது. எஞ்சியிருப்பதை வெற்றி என்று எந்த வன்னித் தாயும் சொல்ல மாட்டாள்.

தடை செய்துவிட்டாற் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இந்தியாவின் அனுபவம் பாடமாகும். 2020 செப்ரெம்பரில் அங்கே பப்ஜி தடை செய்யப்பட்டது. காரணம் தேசியப் பாதுகாப்பு, உள்ளடக்கம் அல்ல. 2021 ஜூலையில் அது வேறொரு பெயரில் மீண்டும் வந்தது. அதிற் குருதி பச்சை நிறமாயிற்று. 'கொல்லுதல்' என்ற சொல் 'முடித்தல்' ஆயிற்று. விதி அப்படியே இருந்தது. முகத்தை மாற்றி விதியை விட்டுவிடுவதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

யுத்தத்தைப் பற்றிய விளையாட்டு வேறு விதமாக அமைய முடியாதா? முடியும் என்பதற்குப் போலந்து நாட்டவர் 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்' சான்று. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையைத் தழுவியது அது. ஆடுபவர் படைவீரர் அல்லர். இடிந்த வீடொன்றில் ஒதுங்கியிருக்கும் சாதாரணக் குடிமக்கள். பகலில் அடுப்பும் மருந்தும், இரவிற் பொருள் தேடல். முதிய தம்பதியர் இருவரின் வீட்டில் மருந்தைத் திருடினால் உங்கள் பாத்திரம் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் திருடியவரின் மனம் உடைந்து, எழுந்து நடக்கவும் மறுக்கும் நிலை வரலாம். போரை வெல்ல வழியே இல்லை. போர் நிற்கும்வரை மனிதராக இருக்க முயலலாம், அவ்வளவே. 2020இல் போலந்து அரசாங்கம் இதனை உயர்தரப் பாடசாலை மாணவரின் துணை வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தது. அலஸ்காவின் இன்யூப்பியற் பழங்குடியினரோ, தம் மூத்த கதைசொல்லிகளை அருகில் அமர்த்தி, தம் மொழியிலேயே கதை ஒலிக்க, 'நெவர் அலோன்' என்ற விளையாட்டை அதே 2014இல் உலகிற்கு அளித்தனர். தங்களைப் பற்றிப் பிறர் செய்யும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

எமது கோரிக்கையும் இதுவே. பிறர் செய்யும் விளையாட்டில் எமக்கு ஒரு முகம் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பது போதாது. இத்தகைய விளையாட்டுகளைத் தமிழில் விமரிசிக்கும் மரபொன்று முதலில் உருவாக வேண்டும். நாவலுக்கும் சிறுகதைக்கும் செய்யும் அதே கண்டிப்போடு, விதியை ஆராய்ந்து எழுத வேண்டும். அடுத்து, ஆக்கம். எமது பாடசாலைகளில் தமிழ்ப் பாடம் ஒரு மாடியிலும், தகவல் தொழில்நுட்பப் பாடம் மறு மாடியிலும் நடக்கின்றன, இரண்டும் சந்திப்பதில்லை. கணினியிற் கட்டளை எழுதத் தெரிந்த மாணவனுக்குச் சொல்லக் கதை இல்லை. கதையுள்ள மாணவிக்குக் கருவி இல்லை. கிளைவிடும் கதைகளை எழுத 'ட்வைன்' போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. அவற்றைத் தொடங்கப் பெரும் முதலும் வேண்டாம், பெருங் கணினியும் வேண்டாம்.

கருவுக்குப் பஞ்சமுமில்லை. சிறுபோகத்திற்குக் குளத்தில் நீர் குறைவு. எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று கமக்காரர் கூடிப் பேசுகிறார்கள். கடைமடை விவசாயிக்கு நீர் போய்ச் சேருமா? வாய்க்காலை இரவிற் திறந்துவிடும் ஒருவனை என்ன செய்வது? இக்கூட்டத்தில் ஒருவர் மற்றவரை அழித்து வெல்ல முடியாது; அழித்தால் எல்லோருடைய வயலும் காயும். இரணைமடுவின் கீழ் வாழும் எந்தப் பிள்ளைக்கும் இவ்விதி தெரியும். உலகின் பெரிய கம்பனிகளுக்குத் தெரியாது. முள்ளிவாய்க்காலைக் கருவாக்குவதா என்பது வேறு வினா. அதற்கு விடை சொல்லும் உரிமை அங்கே இருந்து மீண்டவர்களுக்கும் மீளாதவர்களின் உறவினருக்குமே உண்டு. அவர்களைக் கேளாமல், எவ்வளவு நல்லெண்ணத்தோடாயினும், யாரும் அதனைத் தொடலாகாது.

விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்றை ஊழ் என்று கைகட்டி ஏற்கச் சொன்னார்கள். மற்றது மனிதர் வகுத்தது, மனிதரால் மாற்றக்கூடியது. இக்கலையில் நாம் கைவைக்க வேண்டியது இரண்டாவதில். அதனைச் செய்யக்கூடிய மாணவர்கள் எமது வகுப்பறைகளில் இப்பொழுதே அமர்ந்திருக்கிறார்கள்.